விமானியறையில் காகித வரைபடம்: காப்பதும் கைவிடுவதும்

தரையைக் கண்ணால் பார்த்தே வழி கண்டுபிடித்துப் பறக்கும் விமானிகளுக்காக, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ‘செக்‌ஷனல்’ என்ற வரைபடத்தை வெளியிடுகிறது. 60 அங்குல நீளம், 20 அங்குல அகலம். முழுதாக விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும். உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 விமானத்தின் உள் அகலமோ ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதற்குள் இரண்டு பேர் தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்க, மிஞ்சிய ஒரு கையால் இந்தத் தாளைப் பிரிக்க வேண்டும், புரட்ட வேண்டும், அதில் குறிக்க வேண்டும்.

அந்த வரைபடத்தின் அளவுவிகிதம் 1:5,00,000. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 5 கிலோமீட்டர். அடிக்கடி மடித்து விரித்ததில் மடிப்பின் மேல் மை உதிர்ந்து 2 மில்லிமீட்டர் வெளுத்துப்போனால், ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டை வரைபடத்திலிருந்து காணாமல் போகிறது. அந்தப் பட்டைக்குள் ஒரு கோபுரம் இருக்கலாம். நுழையக் கூடாத வான்பரப்பின் எல்லை இருக்கலாம். தாளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது விமானியின் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

விமானியறையில் காகித வரைபடத்தை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுக்கும் மேலாக விடை தேடியிருக்கிறார்கள். காற்று, மழை, இருட்டு, மடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு வழியும் தன்னோடு ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வரைபடத்துக்கு இடும் பாதுகாப்பு, அந்த வரைபடம் செல்லுபடியாகும் காலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் தாள் கெடும். கூடினால், கழித்துக்கட்ட வேண்டிய தாள் விமானியறையிலேயே தங்கிவிடும்.

காற்றோடு போராடிய காலம்

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தபோது அவரிடம் திசைகாட்டிகூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பயணங்கள் நீண்டன, வரைபடம் கட்டாயமானது. அன்றைய விமானங்களில் விமானி உட்கார்ந்த இடம் திறந்தவெளி. முகத்தில் அறையும் காற்றில் ஒரு தாளைக் கையில் பிடித்துப் படிப்பது ஆகாத காரியம். பிடி சற்றுத் தளர்ந்தால் தாள் வால்பக்கம் போய்விடும்.

இதற்கு முதலில் வந்த விடை உருளைப் பெட்டி. போகும் வழியை ஒட்டிய பகுதியை மட்டும் நீளமான பட்டையாக வெட்டி, துண்டுகளை ஒட்டி, இரண்டு உருளைகளில் சுற்றி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைப்பார்கள். மேலே செல்லுலாய்டு அல்லது கண்ணாடி மூடி. பெட்டியைக் கருவிப் பலகையிலோ தொடையிலோ பொருத்திக்கொண்டு, பறக்கப் பறக்கத் திருகைத் திருப்பினால் நிலம் கீழே நகர்வதுபோல வரைபடமும் நகரும். காற்று பறிக்காது, தூறல் நனைக்காது, மடிப்பே கிடையாது. அந்தக் காலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

குறை அந்தப் பட்டையின் அகலத்தில் இருந்தது. மேகத்தைச் சுற்றிப் போக விமானி வழியைவிட்டு விலகினால் வரைபடத்தையும் விட்டு விலகிவிடுவார். அமெரிக்கக் கடற்கரை, புவி அளவைத் துறை 1927-ல் கன்சாஸ் சிட்டிக்கும் மோலைனுக்கும் இடையிலான வழிக்காகத் தன் முதல் பட்டை வரைபடத்தை வெளியிட்டது. 1930-லேயே பரந்த நிலப்பகுதி முழுவதையும் காட்டும் செக்‌ஷனல் வரைபடங்கள் வரத் தொடங்கிவிட்டன. தாள் மறுபடியும் பெரிதானது. மடிப்பும் அதோடு திரும்பி வந்தது.

பிரிட்டிஷ் விமானப் படையில் வேறொரு வழி நிலைத்தது. ஆர்தர் பிக்ஸ்வொர்த் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கிய பலகை அது. வரைபடத்தை மரப்பலகையில் அழுத்திப் பிடித்து, அதன்மேல் நகரும் இணைகோல், கோணமானி ஆகியவற்றைப் பொருத்தியிருப்பார்கள். கோடு கிழிப்பதும் கோணம் அளப்பதும் ஒரே பலகையில் முடிந்துவிடும். தாளைத் தட்டையாகவும் அசையாமலும் வைத்திருப்பதே பாதிக் காவல் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வேரூன்றியது. இன்றும் விமானிகள் தொடையில் கட்டிக்கொள்ளும் பலகை அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு 33 மணி நேரத்துக்கும் மேலாகத் தனியாகப் பறந்தார். கலிபோர்னியாவில் வாங்கிய கடல் வரைபடங்களில் ஏறக்குறைய 3,600 மைல் வழியை நூறு நூறு மைல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் திருப்ப வேண்டிய திசையை எழுதி வைத்திருந்தார். எடையைக் குறைப்பதற்காக வரைபடங்களில் தேவையில்லாத பகுதிகளை வெட்டி எறிந்தார். ஒரே ஒரு பயணத்துக்கான தாள். அந்தப் பயணம் முடியும்வரை தாங்கினால் போதும். தேவையறிந்து காப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பிறகு விமானியறைகள் மூடப்பட்டன. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு பறந்த பஸ் மாத் விமானம் மூடிய அறை கொண்டது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இத்தகைய விமானங்களில் வரைபடத்தைக் காற்றிடமிருந்து காக்கும் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மற்றக் கவலைகள் அப்படியே இருந்தன.

பத்து சென்ட் நோட்டுப் புத்தகம்

எல்ரி ஜெப்சன் 1907-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். 1930-களின் தொடக்கத்தில் சால்ட் லேக் சிட்டிக்கும் ஷையனுக்கும் இடையே மலைகளுக்கு மேல் அஞ்சல் விமானம் ஓட்டினார். நம்பகமான வரைபடம் இல்லாத காலம் அது. சாலை வரைபடங்களும் தண்டவாளமும்தான் துணை. பத்து சென்ட் கொடுத்து ஒரு சின்னக் கறுப்பு நோட்டுப் புத்தகம் வாங்கினார். இறங்குதளங்களின் நீளம், சரிவு, சுற்றியுள்ள தடைகள் எல்லாவற்றையும் அதில் குறித்தார். உயரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு குன்றுகளிலும் புகைபோக்கிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஏறி உயரம் அளந்தார். வானிலை சொல்லக்கூடிய விவசாயிகளின் தொலைபேசி எண்களைக்கூட எழுதிவைத்தார். மற்ற விமானிகள் படி கேட்டார்கள். 1934-ல் பிரதி பத்து டாலருக்கு விற்கத் தொடங்கினார். அது நிறுவனமாக வளர்ந்து, 1941-ல் டென்வருக்கு இடம்பெயர்ந்தது.

அந்த நோட்டுப் புத்தகம் காலப்போக்கில் ஏழு வளையங்கள் கொண்ட கோப்பாக வளர்ந்தது. தாள்களைத் தைக்காமல் தனித்தனியாக வைத்து வளையத்தில் கோத்தார்கள். ஒரு விமான நிலையத்தின் இறங்குமுறை மாறினால் அந்த ஒரு தாளை மட்டும் உருவிவிட்டுப் புதியதைக் கோக்கலாம். முழுப் புத்தகத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறிப்பிட்ட நாள் இடைவெளியில் திருத்தங்கள் உறையில் வந்து சேரும். எந்தத் தாளை எடுப்பது, எதை வைப்பது என்ற பட்டியலும் கூடவே வரும். மாற்றி முடித்ததும் முன்பக்கத்துப் பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

தாள் மிக மெல்லியது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரு பைக்குள் அடங்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அடிக்கடி எடுத்த தாள்கள் துளைகளின் ஓரத்தில் கிழிந்தன. விமானிகள் அங்கே சின்ன வளைய ஒட்டிகளை ஒட்டினார்கள். அன்றைக்குத் தேவையான இரண்டு மூன்று தாள்களை மட்டும் உருவி, கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் உள்ள பிடிப்பானில் செருகினார்கள். சிலர் அவற்றை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தார்கள். உறை தாளோடு ஒட்டாதது. புதிய தாள் வந்தால் உறை அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் மாறும். ஒட்டிக்கொள்ளும் பாதுகாப்பைவிடக் கழற்றக்கூடிய பாதுகாப்பே மேல் என்ற பாடத்தை வான்போக்குவரத்து இங்கேதான் கற்றது.

பட்டும் சிவப்பு விளக்கும்

இரண்டாம் உலகப் போர் இரண்டு புதிய கேள்விகளை எழுப்பியது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி கடலில் விழுந்தாலும் சேற்றில் நடந்தாலும் கையில் இருக்கும் வரைபடம் பிழைக்குமா என்பது முதல் கேள்வி. பிரிட்டனின் எம்.ஐ.9 என்ற ராணுவ உளவுப் பிரிவில் இருந்த கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன் இதற்குப் பட்டுத்துணியைத் தேர்ந்தெடுத்தார். பட்டு சரசரக்காது, சுருட்டிப் பூட்ஸுக்குள் மறைக்கலாம், நனைந்தாலும் கிழியாது. ஆனால் முதலில் அச்சிட்டபோது மை துணியில் பரவிக் கோடுகள் கலைந்தன. பழக்கூழ் உறைவதற்குச் சேர்க்கும் பெக்டினை மையில் கலந்த பிறகுதான் கோடுகள் நின்றன. லீட்ஸ் நகரத்து வாடிங்டன் அச்சகம் இவற்றை அச்சிட்டது. பசிபிக் போர்முனைக்கு அமெரிக்க விமானப் படை ரேயான் துணியில் வரைபடங்களைத் தயாரித்தது. இவையெல்லாம் விமானத்தை விட்டு இறங்கிய பிறகு உதவுபவை என்றாலும், தாளைவிட்டு வேறு பொருளில் அச்சிடலாம் என்ற துணிவு இவற்றால் வலுப்பட்டது. பிற்காலத்தில் டைவெக் போன்ற கிழியாத செயற்கைத் தாள்களிலும் வரைபடங்கள் அச்சாயின.

இரண்டாவது கேள்வி வெளிச்சம் பற்றியது. இரவில் வெள்ளை விளக்கைப் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். மறுபடி பழக அரைமணி நேரம்வரை ஆகும். அதனால் விமானியறைகளில் சிவப்பு விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கோடுகள் எல்லாம் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துபோயின. தாளில் ஒரு கீறலும் இல்லை, தகவல் மட்டும் போய்விட்டது. வரைபடம் வரைவோர் சிவப்பைக் கைவிட்டு, சிவப்பு வெளிச்சத்திலும் கறுத்துத் தெரியும் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவுக்கு மாறினார்கள். ‘மெஜந்தா’ என்று விமானிகள் சொல்லும் அந்த நிறம் இன்றுவரை வான்வழி வரைபடங்களில் தொடர்கிறது. படிக்க முடியாத வரைபடம் கிழிந்த வரைபடத்துக்குச் சமம் என்பதை அச்சுக்கூடமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

பிளாஸ்டிக் வந்த பிறகு

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம் கடைக்கு வந்தது. பிரிட்டனில் அதன் பெயர் ஃபேப்லான். சமையலறை அலமாரிக்கு ஒட்ட வந்த அந்தப் பொருளைத் தாழப் பறக்கும் போர் விமானங்களின் குழுவினர் பிடித்துக்கொண்டார்கள். வழிக்கு வேண்டிய பகுதியை வெட்டி, அட்டைபோல மடித்து, கோடுகளும் நிமிடக் குறிகளும் போட்டு, மேலே படலத்தை ஒட்டினார்கள். மேலே எழுத மெழுகுப் பென்சில். அழிக்க ஒரு துணி.

ஒட்டும் வேலையைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல எளிதென்று நினைத்துத் தொடங்குபவர்கள் முதல் தாளைப் பாழாக்கிவிடுவார்கள். பழகியவர் செய்யும் முறையே வேறு. முதலில் வரைபடத்தைத் தட்டையான மேசையில் ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து மடிப்பைத் தணிக்கிறார். ஈரமிருந்தால் காய விடுகிறார். உள்ளே சிறைப்பட்ட ஈரம் பின்னால் பூசணமாக வெளிவரும். படலத்தின் பின்தாளை ஓரத்தில் இரண்டு விரல் அளவு மட்டும் உரித்து, அந்த ஓரத்தை வரைபடத்தின் விளிம்போடு பொருத்துகிறார். பிறகு ஒரு கையால் பின்தாளை மெல்ல இழுத்துக்கொண்டே, மறுகையால் துணி சுற்றிய அளவுகோலை அழுத்தி நகர்த்துகிறார். குமிழி வந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுகிறார். மடிப்பு வரும் இடங்களில் படலத்தைத் தொடர்ச்சியாக ஒட்டாமல் ஒரு நூல் இடைவெளி விடுகிறார். படலம் மடிந்து வெடிக்காது; தாள் மட்டும் மடங்கும்.

அந்தக் கடைசி நுணுக்கம் புதியதல்ல. ஐரோப்பாவில் பயணிகளுக்கான வரைபடங்களைச் செவ்வகத் துண்டுகளாக அறுத்து, இடையே சிறு சந்து விட்டு லினன் துணியில் ஒட்டும் வழக்கம் விமானத்துக்கு வெகு முந்தையது. மடிப்பின் முழுச் சுமையையும் துணி தாங்கிக்கொள்ளும், அச்சிட்ட பரப்புக்கு மடிப்பே வராது. அந்த வரைபடங்கள் நூற்றாண்டு கடந்தும் பிழைத்திருக்கின்றன.

பின்னர் வெளியீட்டாளர்களே லேமினேட் செய்து விற்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1:5,00,000 வரைபடத்தை லேமினேட் செய்த வடிவில் வாங்குவது சிறு விமானிகளிடையே பரவலான பழக்கம். நுனி மெல்லிய அழியாப் பேனாவால் வழியைக் கிழிப்பார்கள். பயணம் முடிந்ததும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பார்கள். எஞ்சின் இல்லாத கிளைடர்களில் நெடுந்தூரம் பறப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. திரும்பிச் சேர வேண்டிய தளத்தை மையமாக வைத்து, 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வட்டங்கள் போடுவார்கள். வட்டத்துக்கு வட்டம் இடைவெளி 10 கிலோமீட்டர். எந்த உயரத்தில் எந்த வட்டத்துக்குள் இருந்தால் தரையிறங்கும் தளத்தைத் தொட முடியும் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

லேமினேஷனுக்கும் விலை உண்டு. பளபளக்கும் படலம் வெயிலைக் கண்ணில் திருப்பி அடிக்கும்; அதன் பிம்பம் மேல்மூடிக் கண்ணாடியிலும் விழும். இரவில் விளக்கின் பிரதிபலிப்பு எழுத்தின் மேல் ஒரு வெண்பொட்டாக நிற்கும். மங்கலான மேற்பரப்புள்ள படலம் இதைக் குறைக்கும், ஆனால் நுண்ணிய எழுத்தைச் சற்றே மழுக்கும். தடித்த படலம் இட்ட தாள் விறைத்து, மடியில் நிற்காமல் தானாக விரியும். மெழுகுப் பென்சில் கோடு கைபட்டுத் தேயும், வெயிலில் இளகும். பேனாக் கோடு மெல்லியது, ஆனால் அவசரத்தில் அழிக்க வராது. எதைத் தேர்ந்தாலும் எதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீர்புகாத செயற்கைத் தாளில் நேரடியாக அச்சிடுவது இன்னொரு வழி. பாலிஎத்திலீன், பாலிபுரோபிலீன் வகைத் தாள்கள் கிழியாது, ஈரம் உறிஞ்சாது. சாதாரணக் காகிதத்தின் இழைகள் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் அதிகம் விரியும். அதனால் வரைபடம் சுருள்வதோடு அளவும் கொஞ்சம் பிசகும். செயற்கைத் தாளில் அந்தத் தொல்லை இல்லை. மடிப்பை எத்தனை முறை பிரித்தாலும் தாங்கும். மேலே படலம் இல்லாததால் மினுக்கமும் குறைவு. வாரக்கணக்கில் பயன்படுத்தப்போகும் ஒரு தாளுக்கு இதுவே சமநிலையான விடை என்று தோன்றுகிறது.

மடிப்பு ஒரு கலை

பாதுகாப்புப் பொருள்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு மடிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரைபடத்தின் ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அதுதான். எஃப்.ஏ.ஏ.யின் செக்‌ஷனல் விசிறிபோல மடிந்து 10 அங்குலத்துக்கு 5 அங்குலமாகச் சுருங்கும். அச்சகத்து மடிப்பிலேயே அதை நடத்தினால் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் புத்தகம்போலப் புரட்டலாம். எதிர்த்திசையில் மடித்தால் அந்த இடத்தில் இழைகள் இரண்டு பக்கமும் முறிந்து, சில வாரங்களில் துளை விழும்.

அனுபவமுள்ளவர் எஞ்சினைக் கிளப்பும் முன்பே தரையில் உட்கார்ந்து அன்றைய வழி மேலே வரும்படி மடித்துவிடுவார். இரண்டு தாள்கள் தேவைப்பட்டால் போகும் வரிசையில் அடுக்குவார். காற்றில் இருக்கும்போது தாளை முழுதாக விரிப்பது என்பதே அவருடைய திட்டத்தில் இருக்காது. விரித்த தாள் வெளிப்பார்வையை மறைக்கும். கட்டுப்பாட்டுக் கம்பிக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கும். பயன்படுத்தாத தாளைப் பக்கவாட்டுப் பையில் செருகி வைப்பதும் இதனால்தான். கருவிப் பலகைக்கு மேல் வெயிலில் போட்டு வைத்த லேமினேட் தாள் சுருளும், அதன் பசை இளகும்.

காலம் என்னும் எதிரி

இதுவரை சொன்ன எதிரிகள் தாளைத் தொட்டுக் கெடுப்பவை. கெட்டது கண்ணுக்குத் தெரியும். காலம் அப்படியல்ல. தாள் புதிதுபோல மினுங்கிக்கொண்டிருக்கும்போதே அதில் உள்ள செய்தி பொய்யாகிவிடும். வானொலி அலைவரிசை மாறும், புதிய கோபுரம் எழும், வான்பரப்பின் எல்லை நகரும்.

சர்வதேச ஏற்பாட்டின்படி வான்போக்குவரத்துத் தகவல் மாற்றங்கள் 28 நாள் சுழற்சியில் ஒரு வியாழக்கிழமை அன்று நடைமுறைக்கு வருகின்றன. ‘ஐராக்’ என்று இதைச் சொல்வார்கள். எஃப்.ஏ.ஏ.யின் செக்‌ஷனல்கள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டன. 2021 முதல் 56 நாளுக்கு ஒருமுறை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1:5,00,000 வரைபடங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு பதிப்பு.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் அமெரிக்க விமானிகள் பலர் சாதாரணத் தாளோடு நிறுத்திக்கொள்வதும், பிரிட்டிஷ் விமானிகள் லேமினேஷனுக்குக் காசு கொடுப்பதும் பழக்கத்தின் வேறுபாடு என்று தோன்றாது. ஓராண்டு வாழப்போகும் வரைபடத்துக்கு நல்ல படலம் நியாயமானது. எட்டு வாரத்தில் குப்பைக்குப் போகும் தாளுக்கு ஒரு மணி நேரம் செலவழித்துப் படலம் ஒட்டினால், ஒன்பதாவது வாரம் அதைத் தூக்கி எறிய மனம் வராது. ‘இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற எண்ணம் உள்ளே நுழையும். ஐரோப்பிய விதிகள் செல்லும் வழிக்கும், திருப்பிவிடப்பட்டால் போகக்கூடிய வழிகளுக்கும், நடப்பிலுள்ள பொருத்தமான வரைபடம் விமானத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அழுத்தம் ‘நடப்பிலுள்ள’ என்பதில் இருக்கிறது. எவ்வளவு அழகாகக் காப்பாற்றப்பட்டிருந்தாலும் காலாவதியான தாள் அந்த விதியை நிறைவு செய்யாது.

அருங்காட்சியகங்களின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒரு வரைபடம் இருநூறு ஆண்டு இருக்க வேண்டும். பழமையே அதன் மதிப்பு. ஒட்டும் படலத்தின் பசை நாளடைவில் மஞ்சளாகி, தாளுக்குள் இறங்கி, பிரிக்க முடியாமல் போகும் என்பதால் பாதுகாப்பு வல்லுநர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே ஒட்டாமல் வைத்து ஓரங்களை மட்டும் மூடுவார்கள். ஒரே வரைபடம், இரண்டு ஆயுள்கள், இரண்டு வகைக் காப்பு. போர்க்கால வரைபடங்களைச் சேகரிப்பவர்கள், விமானியறைக்கென்று எழுதப்பட்ட அறிவுரையைக் கேட்டு அவற்றை லேமினேட் செய்துவிடக் கூடாது.

திரை வந்தது, தாள் போயிற்றா?

2011-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு 11,000 ஐபேட் வழங்குவதாக அறிவித்தது. ஒவ்வொரு விமானியும் சுமந்த பையில் சராசரியாக 12,000 தாள்கள் இருந்தன என்றும் எடை சுமார் 17 கிலோ என்றும் அந்த நிறுவனம் அப்போது சொன்னது. 2013-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கனத்த பைகளை விட்டொழித்தது. கிழிவது, நனைவது, துளை பெயர்வது, திருத்தத் தாள் கோக்கும் சலிப்பு எல்லாம் ஒரே வீச்சில் போயின. புதுப்பிப்பது சில நிமிட வேலையானது. காலம் என்னும் எதிரியை எதிர்கொள்ள இதுவரை கிடைத்த ஆயுதங்களில் மின்னணு வரைபடமே வலியது, அதை மறுப்பதற்கில்லை.

அதே நேரம் திரைக்கும் அதற்குரிய எதிரிகள் உண்டு. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ்வரை பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. கோடையில் கண்ணாடி மூடிய சிறு விமானத்தில் அந்த எல்லையை வெயில் எளிதில் தாண்டும். கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை அணைத்துவிடும். 2015 ஏப்ரலில் வரைபடச் செயலி ஒன்றில் ஒரே விமான நிலையத்தின் வரைபடம் இரண்டு முறை பதிவாகிவிட்டதால் செயலி முடங்கி, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பல விமானங்கள் தாமதமாயின. 2024-ல் ஜிபிஎஸ் குறுக்கீடு காரணமாக ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கான சேவையை ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அங்கே தரையிறங்கும் முறைகள் ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்தன.

தாளுக்கும் திரைக்கும் இடையே பொருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மின்னணு வரைபடங்கள் பரவுவதற்கு முன்பே ஒரு கொடிய சான்று கிடைத்தது. 1995 டிசம்பர் 20 அன்று மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த போயிங் 757 விமானம் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் இறங்குமுறை மாறியது. புதிய வழியைத் தாளில் படித்துத் தெளிவதற்கு நேரம் போதவில்லை. தாளில் ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்கு ‘ஆர்’ என்ற ஓரெழுத்துக் குறி இருந்தது. கணினியில் அதே எழுத்தை இட்டபோது அது பொகோட்டா அருகே உள்ள வேறொரு நிலையத்தை எடுத்துக்கொண்டு விமானத்தைத் திருப்பியது. தாள் பழுதில்லாமல் இருந்தால் மட்டும் போதாது; வேண்டிய நொடியில் கைக்கு எட்ட வேண்டும், பக்கத்தில் இருக்கும் கணினியோடு ஒத்துப்போக வேண்டும். காகிதத்தை மாற்றுக் காப்பாக வைத்துக்கொள்வோர் இன்றும் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது.

கடல்வழியில் மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பு தன் பாரம்பரியக் காகிதக் கடல் வரைபடங்களைப் படிப்படியாக நிறுத்தி முடித்துவிட்டது. வான்வழியில் எஃப்.ஏ.ஏ. தன் உலக வான்வழி வரைபடத் தொடரை 2015-ல் கைவிட்டாலும் செக்‌ஷனல்களைத் தொடர்கிறது. அவை இப்போது வேண்டும்போது அச்சிட்டுத் தரும் முறையில் கிடைக்கின்றன. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பிரதியை வாங்கும் அபாயம் இதனால் குறைந்திருக்கிறது.

இந்த நிலையில் திரையோடு பறக்கும் சிறு விமானிக்குக் காகிதம் எந்த வடிவில் தேவை என்பதைப் புதிதாக யோசிக்கலாம். பெரிய பரப்பு முழுவதையும் காக்க வேண்டிய தேவை இனி இல்லை. அன்றைய வழி, மாற்றுத் தளங்கள், அவற்றின் அலைவரிசைகள் கொண்ட ஒன்றிரண்டு தாள்கள் போதும். அவற்றைக் கிழியாத, மினுக்காத செயற்கைத் தாளில் அந்தச் சுழற்சிக்கென்று அச்சிட்டு, ஒட்டாத உறைக்குள் போட்டுத் தொடைப் பலகையில் வைத்துக்கொண்டால் காற்று, நீர், ஒளி, மடிப்பு நான்கையும் சமாளிக்கலாம். காலம் என்னும் ஐந்தாவது எதிரியைச் சமாளிக்க வெளியீட்டாளர்கள்தான் உதவ வேண்டும். இன்று பதிப்புத் தேதி வரைபடத்தின் முகப்பில் இருக்கிறது. வழி மேலே வரும்படி மடித்தவுடன் அது உள்ளே மறைந்துவிடுகிறது. காலாவதி நாளைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு மடிப்புப் பக்கத்தின் ஓரத்திலும் அச்சிட்டால், தாளை எப்படி மடித்தாலும் விமானியின் கண்ணில் படும். பயிற்சிப் பள்ளிகளும் கோடு கிழிக்கக் கற்றுத்தரும் பாடத்திலேயே, ஒவ்வொரு சுழற்சி வியாழக்கிழமையும் பழைய தாளை உறையிலிருந்து உருவிக் கிழித்துப் போடும் வேலையையும் சேர்த்துவிடலாம். இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.